கடை மூடியிருந்ததா?

ஜூலை 19, செவ்வாய்

விடிந்ததிலிருந்து காற்று. மாடிக் கதவின் கொக்கி கழன்று தொங்குகிறது. ஆசாரியிடம் சொல்ல வேண்டும் (இதைப் போன ஆடியிலும் எழுதியிருப்பேன்).

இன்று: பேக்கரிக்காரரின் ஜி.எஸ்.டி. சிலிண்டர் பதிவு. கண்ணாடிக்கு மூக்குப் பிடி.

மூன்றும் நடக்கவில்லை. மானியத்துக்காகக் கடையைப் பார்வையிட ஆள் வந்துவிட்டார்.

கீழே இருப்பது அண்ணனும் மதினியும் நடத்துகிற பாத்திர வாடகைக் கடை. கல்யாணம், காதுகுத்து, கோயில் கூழ் எல்லாவற்றுக்கும். உரிமம் மதினி பெயரில். மாடியில் நானும் என் கணக்கு வேலையும். கொரோனாவில் தொழில் நின்றுபோன சிறு கடைகளுக்கு நகராட்சி மூலம் உதவித்தொகை என்றார்கள். விண்ணப்பம் போட்டது நான். நம்பிப் போடவில்லை. எம்.ஏ. பொருளாதாரத்தில் எனக்கு மிஞ்சியது ஒரே பழக்கம்: மானியம் என்றால் "யாருக்கு?" என்று கேட்பது. இருந்தாலும் போட்டேன். ஊரடங்கில் இரண்டு பெரிய அண்டாக்களை எடைக்குப் போட்டுத்தான் வீட்டில் அரிசி வாங்கினோம். ஆவணிக்கு மூன்று கல்யாணம் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், அச்சாரமாக வெற்றிலை பாக்கும் வாங்கியாயிற்று. அண்டா இல்லாமல் கல்யாணம் ஏது. மானியம் வராவிட்டால் வெற்றிலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மிச்சப் பாத்திரத்தையும் எடைக்குப் போடுவதாக அண்ணன் முடிவு. மில் வேனுக்கு டிரைவராகப் போகப் பேசியும் வைத்திருக்கிறார்.

வந்தவர் சின்ன வயது. தேனிப் பக்கம் போலிருந்தது. கையில் டேப்லெட்.

"லாக்டவுன்ல கடை மூடியிருந்துச்சாம்மா?"

மதினி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "ஐயய்ய, அந்த வார்த்தை சொல்லாதிய தம்பி. ஒரு நா கூட இல்ல."

"ஒரு நாள் கூட மூடலையா?"

"வெளக்கு வைக்காத நாளே கெடயாது."

நான்: "சார், அவங்க என்ன சொல்ல வர்றாங்கன்னா..."

"மேடம், ஓனர் பேசட்டும்."

ஓனர் பேசினார். நிறுத்த முடியவில்லை. "பால் வாங்கப் போறேன்னு போலீசுகாரர்ட்ட சொல்லிட்டு வருவேன் தம்பி. ஷட்டர முழங்கா உசரத்துக்குத் தூக்கி, குனிஞ்சு உள்ள போயி, வெளக்கேத்தி, கும்பிட்டுட்டு, செத்த நேரம் உக்காந்திட்டு வருவேன். கொரோனாவாவது ஒண்ணாவது. லச்சுமி இருக்குற எடத்த இருட்டுல போடலாமா?"

தம்பி விரலால் எதையோ தொட்டார். போட்டோ எடுத்தார். அண்ணன் வாங்கி வந்த டீயைக் குடித்தார். "ரொம்ப நல்லதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மதினிக்கு ஒரே மகிழ்ச்சி. "பாத்தியா சாந்தி, நல்லதுன்னு சொல்லிட்டுப் போறாரு."

இரவு ரசம் மட்டும்.


ஜூலை 21, வியாழன்

செய்தி வந்துவிட்டது. "தொழில் தொடர்ந்து நடைபெற்றுள்ளது. பாதிப்பு இல்லை. தகுதியற்றது." ஆட்சேபம் இருந்தால் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆபீசில் நேரில் தெரிவிக்கலாமாம். அடுத்த மாதம் மூன்றாம் தேதி, புதன்.

மதினியிடம் படித்துக் காட்டினேன்.

"நான் என்ன தப்பாச் சொன்னேன்?"

"மூடியிருந்ததுன்னு சொல்லியிருக்கணும்."

"அதெப்படிச் சொல்ல?"

இந்த வீட்டின் அகராதி எனக்குத் தெரியாததல்ல. ராத்திரி ஷட்டரை இறக்கினால் "எடுத்து வைக்கோம்". அரிசி தீர்ந்தால் "நெறஞ்சிருக்கு". விளக்கை அணைக்கக் கூடாது, "மலையேற்ற" வேண்டும். வாடகைக்குக் கேட்ட பாத்திரம் கைவசம் இல்லையென்றால் "வெளிய போயிருக்கு". மூடு, அடை, சாத்து மூன்றும் மதினி வாயில் வராது. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து வந்ததில்லை. கேலி செய்தே எனக்கு வயதாகிவிட்டது. ஆனால் அது ஒரு அரசாங்கக் கேள்விக்குப் பதிலாகப் போய் உட்காரும் என்று நினைக்கவில்லை.

இத்தனைக்கும் மதினி சொன்னது பொய்யும் இல்லை. ஊரே அடங்கிக் கிடந்தபோது தினமும் ஷட்டரைத் தூக்கினார். ஒரு கரண்டி கூட வாடகைக்குப் போகாத கடைக்கு எண்ணெய்ச் செலவு மட்டும் நிற்கவே இல்லை.

அண்ணனிடம் கேட்டேன். "அவ சொன்னாச் சரிதான்" என்றார். எது சரி என்று சொல்லவில்லை.

கத்திரிக்காய் புழு. பாதியை வீசினேன்.


ஜூலை 22, வெள்ளி

காலையில் சாம்பிராணிப் புகை மாடி வரை. சன்னலைச் சாத்தினேன். (நான் சாத்தலாம்.)

வெள்ளிக்கிழமைகளில் காதர் பாய் தூபக்காலும் மயில்பீலியுமாக வருவார். இந்தத் தெருவில் நகைக்கடை, மருந்துக்கடை, பாத்திரக்கடை என்று எந்தச் சாமி கும்பிடுகிற கடையானாலும் அவர் புகை உண்டு. எனக்கு மூக்கு ஒத்துக்கொள்ளாது. அவர் போகும்வரை நான் கீழே இறங்குவதில்லை.

இன்று குரல் மட்டும் கேட்டது.

மதினி: "பாய், கொரோனாவுல நம்ம கடைக்கு வந்தியள்லா?"

பாய்: "வராம? நீ ஷட்டரத் தூக்கிப் பிடிப்ப. நான் ரோட்டுல குந்திக்கிட்டு உள்ள தள்ளுவேன் புகைய. ஒரு வெள்ளி விட்டதில்லையே."

"அத ஸ்ரீவில்லிபுத்தூர்ல வந்து சொல்லுவியளா?"

"எங்க வேணாலும் சொல்றேன் தாயி."

படியில் பாதி இறங்கி மறுபடி ஏறிவிட்டேன். எங்கிருந்து ஆரம்பித்து விளக்குவது என்று தெரியவில்லை.


ஜூலை 26, செவ்வாய்

சாரல். துணி காயவில்லை.

மதினியை உட்காரவைத்துப் பயிற்சி. நான் ஆபீசர்.

"லாக்டவுனில் கடை மூடியிருந்ததா?"

"யாவாரம் இல்ல மேடம்."

"அதைக் கேட்கலை. மூடியிருந்ததா?"

"சாமான் ஒண்ணும் வெளிய போகல மேடம்."

"மூடியிருந்ததா, இல்லையா?"

"நீ ஏன் சாந்தி இப்படி முறைக்க?"

ஒரே ஒரு தடவை சொன்னால் போதும் என்றேன். சொன்னதும் வாயைக் கழுவிக்கொள்ளலாம் என்றேன். கோபம் வந்துவிட்டது. "நீ படிச்சவ. ஒனக்கு வார்த்தைன்னா காத்து. சொல்லிட்டா போயிரும். எனக்கு அப்பிடி இல்ல. நான் வாயத் தொறந்து சொல்லி, அது நெசமாயிட்டா? பொறவு மானியத்த வச்சு என்ன செய்ய?"

அந்தப் பக்கத்திலிருந்து யோசித்தால் தர்க்கம் சரியாகத்தான் இருக்கிறது. மானியமே கடைக்காக. கடையைக் கெடுக்கும் என்று அவர் நம்புகிற வார்த்தையை அதே மானியத்துக்காக எப்படிச் சொல்வார்.

இதை அவரிடம் ஒப்புக்கொள்ளவில்லை.


ஜூலை 29, வெள்ளி

பாய் புகை போட்டு முடித்த பிறகு இறங்கிப் போய் அவரைத் தெருமுனையில் பிடித்தேன். விளக்கினேன். கடை திறந்திருந்தது என்று நீங்கள் சாட்சி சொன்னால் மானியம் கிடைக்காது, வர வேண்டாம் என்றேன்.

கவனமாகக் கேட்டார். தூபக்காலை இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.

"தெறந்துதானம்மா இருந்துச்சு?"

"ஷட்டர் தூக்கியிருந்தது. வியாபாரம் நடக்கலையே பாய்."

"யாவாரம் அல்லா குடுக்கறது. ஷட்டரு ஒங்க மதினி தூக்குனது. நான் பாத்தத நான் சொல்லணும்லா?"

சளி மருந்து வாங்கிக்கொண்டு வீடு.

நல்ல செய்தி ஒன்று: தேரன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் அன்னதானத்துக்குச் சின்னப் பாத்திரங்கள் கேட்டிருக்கிறார்கள். வாளி, கரண்டி, இட்லிக் கொப்பரை. அண்டா அவர்களிடமே இருக்கிறதாம். அண்ணன் முகத்தில் லேசாக வெளிச்சம்.


ஆகஸ்ட் 1, திங்கள்

ஆடிப்பூரம். உள்ளூர் விடுமுறை. எனக்குக் கூட்டம் ஆகாது. ஆனால் பாத்திரம் போனால் திரும்ப எண்ணி வாங்க ஆள் போக வேண்டும். மூன்று பேரும் லோடு வேனில்.

வெயில், மோர், செருப்புகளின் குவியல். இரண்டு வருடம் ஓடாத தேர் இன்று வடம் பிடிக்க ஆள் கொள்ளாமல். தூரத்தில் நின்று கோபுரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கோபுரம் நகர்வதைப் பார்த்தேன். மதினி கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

திடீரென்று என் காதருகே மதினி: "ரெண்டு வருசம் இந்தத் தேரு ஓடலல்லா? யாராவது தேர மூடிட்டாகன்னு சொன்னாகளா?"

"சொல்லலை."

"நெலையில நிக்குன்னுதான சொன்னாக. அப்பிடித்தான் நம்ம கடையும். நெலையில நின்னுச்சு."

பந்தி மடவார் வளாகத்தில், ஒரு சமையல் மாஸ்டரின் பொறுப்பில். சாம்பார் அண்டாவைக் கண்டதும் மதினி அப்படியே நின்றுவிட்டார். பிறகு கிட்டே போய், அடுப்புச் சூடு படாத பக்கமாக விளிம்பைத் தடவினார். புள்ளி புள்ளியாக வெட்டிய பெயர்: பேச்சியம்மாள், ராஜபாளையம். எடைக்குப் போட்ட இரண்டில் ஒன்று.

"நல்லாருக்கியா?" என்றார். அண்டாவிடம்தான்.

மாஸ்டர் சிரித்தார். "யக்கா, நீங்கதானா அந்தப் பேச்சியம்மா? ஒங்க பேரச் சொல்லித்தான் பயலுக கூப்பிடுதானுவ. 'ஏலே, பேச்சியம்மாளக் கழுவு'ன்னு."

"வாய்க்கொழுப்பப் பாரு. பேர அழிச்சிருக்கலாம்ல?"

"அழிச்சா அந்த எடத்துல தேஞ்சு ஓட்ட விழும்க்கா. ஒங்க பேரு சும்மாவா?"

அண்ணன் மாஸ்டரிடம் பேசினார். இத்தனை நேரம் பேசியதே இல்லை. இரண்டு அண்டாவும் மாஸ்டரிடம்தான் இருக்கிறதாம். பழைய இரும்புக்காரரிடமிருந்து அப்படியே வாங்கியிருக்கிறார். பணம் கொடுத்தால் திருப்பித் தரத் தயார். ஆவணி பிறக்கும்வரை வைத்திருப்பார். அதற்குப் பிறகு ஒரு கேட்டரிங்காரர் கேட்டிருக்கிறார்.

திரும்பும்போது வேனில் பின்னால் கரண்டிகளின் சத்தம்.

இரண்டு வாளி குறைவு. நாளை போன்.


ஆகஸ்ட் 2, செவ்வாய்

வாளி கிடைத்துவிட்டது. மூக்குப் பிடி மாற்றினேன். கொக்கி அப்படியே.

நாளைக்கு எடுத்துப்போக வேண்டியவை: உரிமம், ஆதார், பாஸ்புக், தண்ணீர், மதினிக்கு இரத்த அழுத்த மாத்திரை.

மதினிக்குப் புதுக் கவலை. நாளை பதினெட்டாம் பெருக்கு. சொன்னது பெருகுகிற நாள். "இன்னைக்கே சொல்ல மாட்டேங்கேன். நாளைக்கா சொல்லுவேன்?"

விட்டுவிட்டேன்.


ஆகஸ்ட் 3, புதன்

முழுவதும் எழுதிவிட வேண்டும், மறந்துபோகும்.

மூன்று பேரும் பஸ்ஸில் நின்றுகொண்டே. ஆபீசில் ஏற்கெனவே கூட்டம். போட்டோ ஸ்டூடியோக்காரர் ஒருவர் எல்லோருக்கும் கேட்கும்படி: "நமக்கு ஆட்சேபம்னு பேரு. அவுகளுக்கு நாமதான் ஆட்சேபம்." சிரித்தேன். சத்தமில்லாமல்.

வாசலில் காதர் பாய். வெள்ளைச் சட்டை, புதுத் தொப்பி. முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டாராம். தூபக்கால் இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை, கைகளை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போல நின்றார்.

உள்ளே ஓய்வு பெறும் வயதில் ஒரு அம்மாள். பக்கத்தில் டேப்லெட்டோடு அந்தத் தேனித் தம்பி.

"லாக்டவுன்ல கடை மூடியிருந்துச்சா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

மதினி முந்தானையை இறுக்கினார். சுவரைப் பார்த்தார். பாய் முன்னால் வந்துவிட்டார்.

"மேடம், நான் சாட்சி. ஒரு வெள்ளி கூட தவறல. ஷட்டரத் தூக்கித்தான் பிடிச்சாக."

"நீங்க யாருங்க?"

"சாம்பிராணி."

அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "உங்க சாட்சியே கடை திறந்திருந்ததுன்னு சொல்றாரு. அப்ப நீங்க எதுக்கு வந்தீங்க?"

இனி வாயை மூடிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. "மேடம், கேள்வியை மட்டும் கொஞ்சம் மாத்திக் கேளுங்க. வாடகைக்கு என்ன போச்சுன்னு கேளுங்க" என்றேன்.

என்னைப் பார்த்தார். பிறகு மதினியைக் கேட்டார்.

"என்னத்த மேடம் போச்சு?" மதினிக்கு மடை திறந்தாற்போல. "ஒரு கரண்டி வெளிய போகல. கல்யாணம்னா அம்பது பேருக்கு மேல கூடாதுன்னுட்டாக. அம்பது பேருக்கு வீட்டுச் சட்டி பத்தும், நம்ம அண்டா எதுக்கு? ரெண்டு அண்டாவ எடைக்குப் போட்டோம். இவுக காய்கறி வண்டி ஓட்டுனாக. நான் வெளக்கு மட்டும் வச்சேன்."

"அதைத்தாம்மா மூடியிருந்ததுன்னு சொல்றோம்."

"இல்ல மேடம். நெலையில நின்னுச்சு."

அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். "தேர் மாதிரியா?"

"தேர் மாதிரியேதான்."

சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. இந்த ஊர்க்காரர்தான் போலிருக்கிறது. தம்பியிடம் திரும்பினார். "எதிர்வீட்டுப் பலசரக்குக் கடையில எங்க அம்மா உப்பு வாங்கப் போனா, தீர்ந்திருச்சுன்னு கடைக்காரங்க சொன்னதே இல்லப்பா. சரி, பாதிப்பு இருக்கு. மாத்திவிடு."

தம்பி: "மேடம், சிஸ்டத்துல ரெண்டே கட்டம்தான். திறந்திருந்தது, மூடியிருந்தது. நிலைன்னு ஒண்ணும் இல்ல. மூடியிருந்ததைத் தொட்டாத்தான் அடுத்த பக்கம் போகும். நாங்க தொடக் கூடாது. விண்ணப்பதாரர், இல்லேன்னா அவங்க சார்பா விண்ணப்பம் போட்டவங்க."

எல்லோரும் மதினியைப் பார்த்தோம். மதினி எழுந்தார்.

"நான் செத்த வெளிய நிக்கேன். தண்ணி தவிக்கி. எனக்குத் தெரியாம நீங்க என்னமும் செஞ்சுக்கோங்க." பாயையும் கூட்டிக்கொண்டு போனார். அண்ணனும் பின்னாலேயே. வேப்பமரத்தடியில் மூன்று முதுகுகள்.

விண்ணப்பம் போட்டவள் நான்.

திரையில் சின்ன வெள்ளைக் கட்டம். வார்த்தை என்றால் எனக்குக் காற்று. விரல் கட்டத்துக்கு மேலேயே கொஞ்ச நேரம் நின்றது. தம்பி, "தொடுங்க மேடம், ஷாக் எல்லாம் அடிக்காது" என்றார்.

தொட்டேன்.

பிறகு மதினியை உள்ளே கூப்பிட்டுக் கைரேகை. கட்டைவிரலை மெஷினில் வைத்துவிட்டு முகத்தை சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார், ஊசி போடும்போது பிள்ளைகள் திருப்புவது போல. ரேகை விழவில்லை. சாம்பலும் புளியும் போட்டுப் பாத்திரம் தேய்த்த விரல். மறுபடி, மறுபடி. கடைசியில் இடது கைச் சுண்டுவிரல் ஒத்துக்கொண்டது.

முடிவு வரும் என்றார்கள். எப்போது என்று கேட்டதற்கு அம்மாள், "வரும்" என்றார்.

பஸ் ஸ்டாண்டில் மதினி எல்லோருக்கும் பால்கோவா வாங்கினார். என்ன நடந்தது என்று கேட்கவே இல்லை.


ஆகஸ்ட் 8, திங்கள்

செய்தி இல்லை. அண்ணன் மில் வேன்காரரிடம் பேசிவிட்டு வந்தார். ஆவணி முதல் வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். வன்னியம்பட்டிக் கல்யாண வீட்டார் போன். "அண்டா ரெடியா?" மதினி: "வெளிய போயிருக்கு. வந்துரும்."

இந்த முறை எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மின்கட்டணம் கட்ட வேண்டும்.


ஆகஸ்ட் 11, வியாழன்

வேலை: பேக்கரி பாக்கி. நூலகப் புத்தகம். வெந்தயம்.

பதினோரு மணிக்கு போனில் செய்தி. இரண்டு முறை படித்தேன். பிறகு ஏமாற்று லிங்க்கோ என்று ஆபீசுக்கே போன் செய்து கேட்டேன். தேனித் தம்பிதான் எடுத்தார். "மெய்தான் மேடம். அனுமதி ஆயிடுச்சு. பாஸ்புக்ல நாளைக்கே ஏறிடும்."

கீழே போய்ச் சொன்னேன். அண்ணன் உடனே சட்டை மாட்டிக்கொண்டு மடவார் வளாகத்துக்குக் கிளம்பினார். மாஸ்டரிடம் சொல்லிவிட்டு வரத்தானாம். போனில் சொல்லலாமே என்றேன். கேட்கவில்லை.

மதினி அழுதார். உடனே முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வெங்காயம்" என்றார். கையில் வெங்காயம் இல்லை.

எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது என்று எழுதமாட்டேன். அந்த ஸ்டூடியோக்காரருக்கு என்ன ஆனதோ. அவர் சொன்னதைச் சிரித்துப் புரிந்துகொள்ள யார் இருந்தார்களோ.


ஆகஸ்ட் 12, வெள்ளி

காற்று குறைந்திருக்கிறது. ஆசாரி வந்தார், கொக்கி மாட்டியாயிற்று.

பாஸ்புக்கில் பணம் ஏறிவிட்டது. அண்ணன் இரண்டு அண்டாக்களோடும் வந்து இறங்கினார். கடை நடுவில் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். ஒன்றில் சாம்பார் வாசனை போகவில்லை.

பாய் வரும் நேரம். வழக்கம்போல மாடியில் இருந்தேன். கீழேயிருந்து மதினி:

"ஏட்டி சாந்தி! எறங்கி வா."

"புகை ஆகாது மதினி."

"தெரியும். வா."

போனேன். பாய் அண்டாக்களைச் சுற்றிப் புகை காட்டிக்கொண்டிருந்தார். மதினி என் வலது கையைப் பிடித்தார்.

"எந்த வெரலு?"

"என்ன எந்த விரல்?"

"அன்னைக்கு அங்க வச்சுத் தொட்டியே. எந்த வெரலு?"

அப்படியானால் மரத்தடியிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். இத்தனை நாள் ஒரு வார்த்தை இல்லை. பாய் தூபக்காலை என் பக்கம் நீட்டிக்கொண்டு பொறுமையாக நின்றார். தெருவில் போகிறவர்கள் பார்த்தார்கள். சொல்வதற்கு என்னிடம் எவ்வளவோ இருந்தது.

ஆள்காட்டி விரலை நீட்டினேன். நல்ல சூடு.